மிளகாய் விழும் முன் எடுத்து வைக்கும் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்கள் உண்ணும் உணவையே சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கலாமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில நாள்களாக நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நம் முன்னோர் குழந்தைக்கென்று தனியாக உலை வைத்ததில்லை, வீட்டில் ஆக்கியதைத்தான் ஊட்டினார்கள், தனி உணவு என்பதெல்லாம் டப்பாவில் மாவு விற்பவர்கள் ஏற்படுத்திய பழக்கம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காரமும் புளிப்பும் கலந்த பெரியவர் உணவைப் பல்லே முளைக்காத பிள்ளைக்குக் கொடுப்பது அறியாமை என்று இன்னொருவர் மறுத்திருந்தார். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் திருப்புல்லாணிக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமங்களில் 33 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஊர்க்காரர்கள் வாயில் இன்றைக்கும் பால்வாடி டீச்சர்தான். இரண்டு கடிதங்களையும் படித்தபோது, எங்கள் வீடுகளில் அன்றாடம் நடந்துவந்த ஒரு சின்ன வேலையை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை என்று தோன்றியது. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் மாமியார் மீன் குழம்பு வைத்த விதத்தைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். வலையில் கிழங்கான் பட்ட நாளில், ஆய்ந்து கழுவிய மீனில் நடுத்தரமான இரண்டை அவர் முதலில் ஒதுக்கி வைப்பார். உள்ளங்கை அகலச் சட்டி ஒன்று இதற்கென்றே அடுப்படியில் கவிழ்த்தபடி இருக்கும். அதில் மஞ்சள் தூளும், தட்டிய சின்ன வெங்காயம் இரண்டும், விரல் நுனியில் எடுத்த சீரகமும் போட்டு, அந்த இரண்டு மீனையும் அடுப்பின் ஓரத் தணலில் வேகவைப்பார். அது இறங்கிய பிறகுதான் அம்மியில் அரைத்த முண்டு மிளகாயும் புளிக்கரைசலும் பெரிய சட்டிக்குள் போகும். சோற்றிலும் அதே முறைதான்: பெரியவர்களுக்குப் பதம் வந்ததும் பானையை வடித்துவிட்டு, ஓர் அகப்பைச் சோற்றை மட்டும் கஞ்சியோடு பிரித்து மறுபடி தணலில் வைத்துக் குழையவிடுவார். பிறகு வெந்த மீனின் நடுமுள்ளை நெடுக உருவி எடுத்து, சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சிறிது சிறிதாகப் பிசைவார். கண்ணுக்குத் தெரிந்த முள் முதலிலேயே போயிருக்கும். கண்ணுக்குத் தப்பிய மயிரிழை முள்ளை விரல்தான் கண்டுபிடிக்கும். பேச்சுக் கொடுத்தால் அந்த நேரத்தில் மட்டும் பதில் சொல்லமாட்டார்.

திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, வீட்டார் உண்ட சோற்றையும் மீனையும்தான் பேரப்பிள்ளையும் உண்கிறான் என்று தோன்றும். அரிசி ஒன்று, மீன் ஒன்று, அடுப்பும் ஒன்று என்ற அளவில் அது சரியும்கூட. ஆனால் சமையல் பாதி வழியில் இருக்கும்போது, உப்பும் உறைப்பும் சேரும் முன்பே, பிள்ளையின் பங்கு வெளியே வந்துவிட்டது. இதற்கு எங்கள் பக்கத்தில் பெரிய பெயர் எதுவும் கிடையாது; ‘பிள்ளைக்கு எடுத்து வச்சாச்சா?’ என்ற கேள்விதான் உண்டு. முன்னோர் தனியாகச் சமைக்கவில்லை என்று எழுதிய அன்பர் இந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்திருப்பார், ஆனால் அடுப்படிக்குள் வந்து பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆண்பிள்ளைகள் எழுதும் சமையல் வரலாற்றில் இந்தக் குறை சாதாரணமாக உண்டு.

அந்தக் கேள்வி இப்போது வீடுகளில் அரிதாகிவிட்டது. அதைத் தாய்மாரின் சோம்பல் என்று சொல்ல என் மனம் ஒப்பாது. விடியற்காலையில் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்ணும், நண்டுச் சதை உரிக்கும் கம்பெனிக்கு வண்டி ஏறுகிற பெண்ணும், போவதற்கு முன் ஒரே கொதியில் குழம்பை இறக்கிவிட்டுத்தான் போக முடியும். அம்மி போய்ப் பொட்டல மசாலா வந்ததில், மிளகாயும் மல்லியும் உப்பும் ஒரே நேரத்தில் சட்டிக்குள் விழுகின்றன. நடுவில் நிறுத்தி எடுக்க இடமில்லை. தனிக்குடித்தனத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க அப்பத்தாவோ அம்மாச்சியோ வீட்டில் இல்லை. எனவே எடுத்து வைப்பது போய்க் ‘கழுவிக் கொடுப்பது’ வந்திருக்கிறது. ஒரு முறை வீடு பார்க்கப் போனபோது பத்து மாதப் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் குழம்பிலிருந்து மீன் துண்டை எடுத்து, எவர்சில்வர் தம்ளரில் இருந்த தண்ணீரில் இரண்டு முறை அலசினாள். தண்ணீர் செங்கல் நிறமாயிற்று, மேலே எண்ணெய் மினுங்கியது, மீன் வெளுத்துவிட்டது. வாயில் வைத்ததும் பையனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நான் பார்ப்பதைக் கண்டு அவள், “பழகிட்டாச் சரியாப் போகும் டீச்சர், இவங்க அப்பா ஒரு வயசிலேயே கருவாட்டுக் குழம்பு தின்னாராம்” என்றாள்.

இந்த ‘பழகிவிடும்’ என்ற சொல்லில்தான் எங்கள் கரையின் மனப்போக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் விளையும் மாவட்டம் இது. காரம் தாங்குவது இங்கே ஒரு பெருமை. இரண்டு வயதுப் பையன் உறைப்பான குழம்பைக் கண் கலங்காமல் தின்றுவிட்டால், பெரிய ஆள் மாதிரி தின்கிறான் என்று தாத்தா மெச்சுவார், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். காரத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அது வாயிலேயே எச்சரிக்கை செய்துவிடுகிறது, பிள்ளை துப்பிவிடுகிறது, தாயும் அலசிவிடுகிறாள். தம்ளர்த் தண்ணீரில் போகாதது மீன் சதைக்குள் ஊறிய உப்பு. உப்புக்கு எந்தக் குழந்தையும் அழுவதில்லை. பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அந்த அளவு உப்பை வெளியேற்றும் பக்குவம் வந்திருக்காது என்பதால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 1 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேரலாம் என்று பிரிட்டனின் பொது மருத்துவத் துறை வரையறுத்திருக்கிறது. அந்த அளவில் பெரும்பகுதி தாய்ப்பாலிலும் உணவின் இயற்கையான உப்பிலுமே வந்துவிடும். மேலே சேர்க்க இடமில்லை. கருவாட்டையும் ஊறுகாயையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காரத்தையும் உப்பையும் பேசி முடித்தவர்கள் பொதுவாக அங்கேயே நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய கேடு தண்ணீர். பெரியவர் உணவு பிள்ளைக்கு ஆகாது என்று அஞ்சுகிற குடும்பங்கள் அதை நீர்க்கச் செய்து கொடுக்கின்றன: பருப்பை விட்டுவிட்டுப் பருப்புத் தண்ணீர், காயை விட்டுவிட்டுக் காய் வெந்த தண்ணீர், ஆறு பருக்கையோடு ஒரு கிண்ண ரசம். எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு நேரத்தில் கொள்ளுவது ஏறக்குறைய ஒரு தம்ளர்தான். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கும் மீனுக்கும் எங்கே இடம்? பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார்கள். பிசைந்த உணவைக் கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உடனே வழிந்து ஓடினால் அது உணவில்லை, கரண்டியோடு சற்றுத் தங்கி, பிறகு கட்டியாக நழுவ வேண்டும். மாதந்தோறும் எடை பார்க்கும் நாளில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்து இதை நான் செய்து காட்டியிருக்கிறேன். பேச்சில் தலையாட்டிய பெண்கள் கரண்டி சாய்ந்ததும் நெருங்கி வந்து பார்த்தார்கள்.

குழந்தை ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு, ஓர் ஆண்டு நிறையும்போது வீட்டில் எல்லாரும் உண்பதை உண்ணும் நிலை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் வரிசை. இதில் கவனிக்க வேண்டியது, குழந்தை கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் குடும்பத்தின் சட்டிதான் என்பது. தனி உணவு ஆறு மாதத்துக்கான நடைபாலம். அங்கேயே குடியிருக்கக் கூடாது. 6 முதல் 8 மாதத்தில் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை நன்றாக மசித்தது, 9 மாதத்துக்கு மேல் மூன்று அல்லது நான்கு வேளை சற்றுக் கட்டி தட்டுப்படும்படி பிசைந்தது என்று பதம் ஏறிக்கொண்டே வர வேண்டும். 6 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மீன், முட்டை, இறைச்சி போன்றவை நாள்தோறும் கிடைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து ஆறு மாதத்துக்குப் பிறகு போதாது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மலைநாட்டுத் தாய்க்கு இது செலவு பிடிக்கிற அறிவுரை. மீன் இறங்கும் கரையிலேயே குடியிருக்கிற நாங்கள் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

வெட்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு வயது நிறையும்வரை மீன் வேண்டாம், ஒவ்வாமை வரும் என்று வீடு வீடாகச் சொன்னவள் நான். அந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயதுவரையும், நிலக்கடலையையும் மீனையும் மூன்று வயதுவரையும் தள்ளிப்போடலாம் என்று அறிவுறுத்தியது. தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதாகச் சான்று இல்லை என்று 2008-இல் அதே கழகம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வோ, ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு நிலக்கடலையைச் சிறு வயதிலேயே தகுந்த பதத்தில் தொடர்ந்து கொடுத்தால் அந்த ஒவ்வாமை பெருமளவு தவிர்க்கப்படுகிறது என்று நேர்மாறாகக் காட்டியது. (முழுக் கடலையைச் சொல்லவில்லை, அது ஐந்து வயதுவரை மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது.) நான் வீடு வீடாகத் தடுத்த அதே கிழங்கானை என் மாமியார் ஏழாம் மாதத்தில் என் மகனுக்கு எனக்குத் தெரியாமல் ஊட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அப்போது அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் பிறந்தபோது மாமியார் காலமாகிவிட்டார். நானோ வேலையில் இருந்தேன். பட்டணத்து உறவினர் வாங்கிவந்த டப்பா மாவைக் கரைத்து ஊட்டுவது எளிதாக இருந்தது. ஒன்றரை வயதிலும் அவளுக்கு எல்லாமே வழுவழுவென்று இருக்க வேண்டும். சோற்றுப் பருக்கை ஒன்று நாக்கில் பட்டால் குமட்டுவாள். மென்று பழக வேண்டிய பருவத்தில், அதாவது ஒன்பது, பத்து மாதத்துக்குள், கட்டி தட்டும் உணவைக் காட்டாமல் விட்டால் பின்னால் இப்படிச் சிரமம் வருவதுண்டு என்பதைப் பிற்பாடு பயிற்சியில் கேட்டபோது எனக்கு முகம் சுருங்கியது. ஊருக்கெல்லாம் சொன்னவளின் வீட்டில் நடந்தது இது. மூன்று வயதுவரை அவளை எங்கள் தட்டில் கைவைக்க வைப்பதே பெரும்பாடாயிற்று.

டப்பா மாவைப் பற்றி இன்னும் ஒரு சொல். இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இல் அதற்குச் செய்த திருத்தமும் சொல்கின்றன. சட்டம் அப்படியிருக்க, எங்கள் ஊர்ப் பெண்கள் கைப்பேசியில் பார்க்கிற குறும்படங்களில் குழந்தை உணவுப் பொடிகள் தாராளமாக வந்துகொண்டிருக்கின்றன. பன்னாட்டு நிறுவனம் ஒன்று இந்தியாவில் விற்கும் குழந்தை மாவில் சர்க்கரை சேர்த்துவிட்டு, ஐரோப்பாவில் அதையே சர்க்கரையின்றி விற்கிறது என்று 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்து நாட்டு அமைப்பொன்று வெளியிட்ட அறிக்கை தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இனிப்பில் தொடங்கிய நாக்கைக் கேப்பைக் கூழுக்குத் திருப்புவது எவ்வளவு கடினம் என்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் எவரையும் கேட்டால் சொல்வார்கள். வெளிநாடு என்றாலே டப்பா என்று நினைக்கவும் வேண்டாம். ஜப்பானில், பெரியவர்களுக்குச் சமைக்கும்போதே சுவையூட்டிகள் சேரும் முன் குழந்தையின் பங்கைப் பிரித்தெடுத்து மசிப்பதற்கென்று ஒரு சொல்லே இருக்கிறது. அதைத் தாய்மாருக்கு முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தச் சொல்லின் பொருள் பிரித்து எடுத்தல் என்று அறிந்தபோது, என் மாமியாரின் கையளவுச் சட்டி கண்முன் வந்தது.

இன்றைக்குப் பெரியவர் உணவு என்பது மீன் குழம்பு மட்டும்தானா என்பதையும் விவாதிக்கிறவர்கள் பார்க்க வேண்டும். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வீட்டில் வரும்படி இருக்காது, கடையில் மீன் விலை ஏறியிருக்கும். அந்த நாள்களில் பிள்ளைக்கு எது கிடைக்கிறது என்று நான் பலமுறை குறித்து வைத்திருக்கிறேன்: காலையில் டீயில் முக்கிய பன், மதியம் ரசம் சோறு, மாலையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலம், இரவு அப்பா வாங்கிவந்த பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துப் பிய்த்தது. எல்லாமே பெரியவர் தின்றதுதான். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் என்று சொன்னால், ‘கால் தம்ளர்தானே டீச்சர்’ என்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இரத்தச்சோகை உள்ளவர்கள் நாட்டில் 67 சதவீதம், தமிழ்நாட்டில் 57 சதவீதம். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரத்தில் சூடையும் நெத்திலியும் காரலும் கொண்டுவருகிறார்கள். வாங்குகிறவர்களும் உண்டு. அவை குழம்புக்கும் வறுவலுக்கும் போகின்றன. பிள்ளையின் கிண்ணத்துக்கு வருவதில்லை, ஏனெனில் அந்தச் சிறு மீனில் முள் பார்த்து எடுக்க யாருக்கும் நேரமில்லை. நேரமில்லாத வீட்டில் முள் மீனைக் கொடுக்கவும் கூடாது. தொண்டையில் முள் சிக்கிய பிள்ளைக்குச் சோற்று உருண்டையை விழுங்க வைத்து நிலைமையை மோசமாக்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவித்த முட்டை நல்லது.

பழையது எல்லாம் சரி என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த உடனே சேனை வைப்பதாகச் சொல்லித் தேன் தடவுவது எங்கள் பக்கத்திலும் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால், ஓராண்டு முடியும்வரை தேனே ஆகாது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சுறாப் புட்டில் கொஞ்சம் பிள்ளைக்கும் கொடுத்துப் பார்ப்பார்கள். சுறா போன்ற, பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது என்பதால் குழந்தைகளுக்குச் சிறு மீன்களே ஏற்றவை. சேர்ந்து உண்ணும் வழக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கீழக்கரையில் விருந்துக்குப் போனால் பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உண்பதைக் காணலாம். நடுவே ஒரு சிறு பிள்ளை பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து வாயில் எடுத்து வைப்பதைப் போல அழகான பாடம் வேறில்லை. ஆனால் அந்தத் தட்டில் பிள்ளை எவ்வளவு உண்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றாடத்தில் குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். தனிக் கிண்ணம் என்று சொன்னால் பிள்ளையைப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். கிண்ணம் தனியாக இருக்கட்டும், பிள்ளை கூட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் இணை உணவு மாவு, கோதுமையும் முளைகட்டிய கேழ்வரகும் கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த நல்ல பண்டம். ஆனால் பெரியவர்கள் அதைத் தோசை மாவில் கலந்து சுட்டுத் தின்பதும், சில வீடுகளில் ஆட்டுக்குக் கரைத்து வைப்பதும் எல்லாரும் அறிந்ததே. பிள்ளை பெரியவர் உணவை உண்ண, பெரியவர்கள் பிள்ளை உணவை உண்கிறார்கள். நான் பொட்டலத்தை வாங்கிப் பார்த்துக் கடிந்துகொண்ட காலமும் உண்டு. ஏன் கொடுக்கவில்லை என்று உட்கார்ந்து கேட்ட பிறகுதான், இனிப்பாகவே தினமும் கொடுத்தால் பிள்ளைக்குத் திகட்டுகிறது என்று ஒரு தாய் சொன்னாள். அந்த மாவில் வெல்லம் கலந்தே வருவதால் மீனோடோ கீரையோடோ சேர்க்க வழியில்லை. துறை அதிகாரிகள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மையத்துக்குள் நிலைமை வேறு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரே பானையிலிருந்து உண்டு வருகிறார்கள். என் மையத்து ஆயாம்மா சாம்பார் கொதிக்கும்போது, மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கும் முன், வெந்த பருப்பையும் காயையும் இரண்டு கரண்டி ஒரு கிண்ணத்தில் அள்ளி மூடிவைப்பார். இரண்டு வயதுக்காரர்கள் முதலில் அதைச் சோற்றோடு தின்பார்கள், மூன்று வயது வந்ததும் சாம்பாருக்கு மாறிக்கொள்வார்கள். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

எனவே என் வேண்டுகோள் சிறியது. ஒன்று, வீடு பார்க்கப் போகும் பணியாளர்களுக்குத் துறை தரும் பயிற்சியில், மாவு கரைப்பதோடு, அந்தந்த ஊர்க் குழம்பிலும் பருப்பிலும் எந்தக் கொதியில் பிள்ளையின் பங்கை எடுப்பது என்பதையும் அடுப்பு மூட்டிச் செய்து காட்ட வேண்டும். பாசி எடுக்கவும் நண்டு உரிக்கவும் போகிற பெண்களுக்கு அது விடிகாலையிலோ இரவிலோதான் முடியும் என்பதையும் கருத வேண்டும். மற்றொன்று தங்களுக்கு. தங்கள் நாளிதழின் வாராந்தரச் சமையல் பக்கத்தில் குழந்தைகளுக்கான குறிப்புகள் தனிக் கட்டத்தில் வருகின்றன. ஓட்ஸும் ஆப்பிள் கூழும் எங்கள் சந்தையில் கிடைக்காமல் இல்லை, ஆனால் அவற்றைத் தனியாக வாங்கித் தனியாகச் சமைக்கும் வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, பெரியவர்களுக்காகத் தாங்கள் அச்சிடும் ஒவ்வொரு செய்முறையிலும், உப்பும் மிளகாயும் சேர்க்கச் சொல்லும் வரிக்கு முந்தைய வரியாக, ‘வீட்டில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை இருந்தால் இப்போது எடுத்து வைக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.